நாற்பத்தேழாம் பக்கத்தில் அண்ணன்

சானமாவு காட்டோரம், ஓசூர்
ஐப்பசி மாதம், ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள பாப்பா சுவாதிக்கு,

பிரேக் ஷூ உலகின் முடிசூடா மன்னனும், இருபத்தெட்டு வருஷத்தில் ஏழு சூப்பர்வைசர்களை மாலை போட்டு வழியனுப்பியவனும், உன் ஒரே சித்தப்பாவுமாகிய பூபதி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் சித்தி ராசாத்தி, உங்கம்மா, இரண்டு பசு, ஒரு கன்று, எல்லோரும் அவரவர் உடம்பில் அவரவர் இருக்கிறோம். அங்கே நகோயாவில் நீயும் அப்படியே இருப்பாய் என்ற தைரியத்தில் மேலே எழுதுகிறேன். உங்கள் ஊரில் சூரியன் மூன்றரை மணி நேரம் முன்னாலேயே டூட்டிக்கு வந்துவிடுகிறது, அதனால் நீ எங்களைவிட மூன்றரை மணி நேரம் மூத்தவள் ஆகிவிட்டாய் என்று சித்திக்கு விளக்கினேன், அப்படியானால் பால் கணக்கை அவளையே பார்க்கச் சொல்லு என்கிறாள். மழை நல்ல மழை. ராகி கதிர் வாங்கிவிட்டது, நம்மைவிட யானைகளுக்கு அது முதலில் தெரிந்துவிட்டது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனை உங்கம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், நான் வாயைத் திறந்தால் அடுத்த தெருவில் எதிரொலிக்கிறது. நம் தெருக் கோடியில் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறவர் மகன் பிரகாஷ் நாளை ராத்திரி பெங்களூரில் விமானம் ஏறி அங்கேதான் வருகிறான், ராகி மாவு மூட்டைக்கு நடுவில் இந்தக் கடிதத்தை வைத்துத் தைத்துக் கொடுக்கிறேன். கூடவே ஒரு ஜெராக்ஸ் காகிதமும் இருக்கும். அதைக் கசக்காமல் எடு, அது சாதாரணக் காகிதம் இல்லை, உலக வரலாற்றில் செத்துப்போன மனிதர் ஒருவர் சொன்னதைக் கம்பெனி சீல் போட்டு உண்மை நகல் என்று கொடுத்தது அது ஒன்றுதான். முதலிலிருந்தே எழுதுகிறேன், உனக்குத் தெரிந்ததும் நடுவில் வரும், பொறுத்துக்கொள், நாளைக்கு உன் பேரன் பேத்திகள் படிக்கவேண்டிய சாசனம் இல்லையா.

ஆனி மாதம் நீ தமிழரசனைப் பற்றிச் சொன்னாய். பர்கூர் காலேஜில் உன்னோடு படித்தவன், இப்போது உன் கம்பெனிக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளி வேலை பார்க்கிறவன், அவன் அப்பா ஆஞ்சப்பன் கிரானைட் குவாரியில் கல் உடைத்துப் படிக்க வைத்தார். சொந்தக்காரர்கள் உடனே, நாம நிலம் வெச்சிருந்த குடும்பம், அவங்க கூலிக்குப் போன குடும்பம் என்று ஆரம்பித்தார்கள். அந்த நிலம் இன்றைக்கு எங்கே, பாதி ரோட்டுக்கு அடியில், மீதி உன் படிப்புக்கு அடியில். நானே காலையில் கார்டு தேய்த்துவிட்டுக் கூலிக்குப் போகிறவன்தான். ஆனால் சொந்தக்காரர்கள் வாயை அடைத்து என்ன, உங்கம்மா வாயல்லவா திறக்க வேண்டும். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, அவர் வந்து சொல்லட்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டார். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், குடும்பத் தலைவர் போய்ச் சேர்ந்துவிட்டால், கல்யாணத்துக்கு முன்னால் அவர் வீட்டில் யார் கனவிலாவது வந்து உத்தரவு கொடுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் தட்டு மாற்றுவது. என் கல்யாணத்துக்கு எங்க தாத்தா எங்கப்பா கனவில் வந்து, சீக்கிரம் முடிச்சிடு, பொண்ணு வீட்ல இவனைப் பத்தி விசாரிக்கறதுக்குள்ள என்றாராம்.

உங்கப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது, உங்கம்மா கனவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஊர்ல எல்லார் கனவுலயும் போறாரு, பால் சொசைட்டிக்காரர் கனவுல போயி பாலுக்கு டிகிரி கம்மியா போடறீங்கன்னு சண்டை போட்டுட்டு வந்திருக்காரு, என் பக்கம் மட்டும் வழி தெரியலையா என்று ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். கண்ணில் தண்ணீர், அது வெங்காயமா வேறா என்று நான் நின்று பார்க்கவில்லை. நீயோ ஐப்பசி முடிவதற்குள் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குள் அம்மா சொல்லவில்லை என்றால் இங்கேயே பதிவு செய்துகொள்கிறோம் சித்தப்பா என்று மெதுவாகச் சொல்லி போனை வைத்துவிட்டாய். உங்கம்மா இல்லாத ஒரு ஆபீஸ் மேஜையில் நீ கையெழுத்துப் போடுவதை நினைத்து அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, ராகிக் களி நாலு முத்தையோடு எழுந்துவிட்டேன். தம்பி நான் இருக்கிறேன், அண்ணன் என்னிடம் வராமல் எங்கே போவார், நானே கனவு கண்டு உத்தரவு வாங்கித் தருகிறேன் என்று உங்கம்மாவிடம் மார் தட்டிவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால் நான் சொன்னால் இந்த ஊரில் யாரும் நம்புவதில்லை. சானமாவு ரோட்டில் யானை என் பைக் ஹாரனுக்கு ஒதுங்கி வழி விட்டது நூற்றுக்கு நூறு நிஜம், ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் அதே யானை பெட்ரோல் பங்கில் நின்று துதிக்கையால் என் டயருக்குக் காற்று அடித்துக் கொடுத்தது என்று சொல்லித் தொலைத்திருந்தேன். அதனால் உங்கம்மா சட்டம் போட்டார். வாயால் சொல்வது செல்லாது. கண் விழித்த கையோடு எழுத வேண்டும், மணி போட வேண்டும், ராசாத்தி பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும், விடிந்தபிறகு ஒரு எழுத்துச் சேர்த்தாலும் கனவு ரத்து.

கனவு பிடிப்பது மீன் பிடிப்பதுபோல இல்லை பாப்பா, வழுக்குகிற மீனை எண்ணெய்க் கையோடு இருட்டில் பிடிப்பது. முதலில் நடுவில் விழிக்க வேண்டும், அதற்கு உன் சித்தி படுக்கும்போது மூன்று சொம்பு தண்ணீர் குடிக்க வைத்தாள். விழித்ததும் அசையக் கூடாது, தலையைத் திருப்பினால் கனவு காது வழியாக ஒழுகிவிடும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியே கிடந்து கடைசியாகப் பார்த்ததின் வாலைப் பிடித்துப் பின்னோக்கி இழுக்க வேண்டுமாம். மூன்று சொம்பு தண்ணீர் ஒரு பக்கம் எழுந்திரு என்கிறது, உன் சித்தி இரண்டு கையாலும் என் தலையை அமுக்கிக்கொண்டு அசையாதே, மொதல்ல சொல்லு என்கிறாள். இந்த உலகத்தில் எத்தனையோ தியாகிகள் இருக்கிறார்கள், அவர்கள் யாரும் இந்த நிலையில் இருந்ததில்லை. பேனாவைக் கட்டில் காலில் கயிற்றால் கட்டியிருந்தோம். கோணி நிற அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கினேன், கை பழக்கம் பார், அதில் கம்பெனி ஷிப்ட் புக் மாதிரியே கோடு போட்டேன், நேரம், மெஷின், பழுது, நடவடிக்கை, கையெழுத்து என்று. முதல் வாரம் எழுதியதைக் காலையில் படித்தால், மாட்டு டாக்டர், ஹெல்மெட், அவருக்கு வேண்டாமாம் என்று இருக்கிறது. என்ன வேண்டாம், யாருக்கு வேண்டாம், இன்றுவரை தெரியவில்லை, ஆனால் ராசாத்தி கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

ஐம்பத்திரண்டு ராத்திரி. யார் யாரோ வந்தார்கள். ரிட்டயரான கேன்டீன் மாஸ்டர் வந்தார், இருபது வருஷத்துக்கு முன் விற்ற கிடாரி வந்தது, செத்துப்போனவர்களில் பாதிப்பேர் வந்து நலம் விசாரித்தார்கள், அண்ணன் மட்டும் வரவில்லை. ஒருநாள் கனவில் யானை எங்கள் கம்பெனி மூன்றாம் லைனுக்குள் வந்தது. வந்தது நிஜம். கழுத்தில் ஐ.டி. கார்டு இருந்தது, போட்டோ பொருந்தவில்லை, கேன்டீனுக்கு அனுப்பி வைக்கப்பட்டது என்பதெல்லாம் விடிந்தபிறகு ஒரு அழகுக்காக நான் சேர்த்தது, நடவடிக்கை கட்டம் பெரிதாக இருந்ததால் வந்த வினை. உங்கம்மா விரலை எழுத்துக்கு அடியில் வைத்து வைத்துப் படித்துப் பார்த்து, சும்னிரு என்று கன்னடத்தில் சொல்லி நோட்டை மூடிவிட்டார். ஆனேக்கல் வீட்டுப் பெண், கோபம் வந்தால் தாய்வீட்டுப் பேச்சு வந்துவிடும், உனக்குத் தெரியாததா.

போன புதன்கிழமை எனக்கு இரண்டாம் ஷிப்ட். கனவு நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன், டீ பிரேக்கில் எழுத்தைக் கொஞ்சம் தெளிவாக்கலாம் என்று. பத்தரைக்கு ஷிப்ட் முடிந்தது, கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறான், அவசரத்தில் ஒரு நோட்டை மேஜையில் வைத்துவிட்டு ஒரு நோட்டைப் பையில் திணித்து ஓடி வந்து ஏறினேன். வந்து மூன்று சொம்பு குடித்துப் படுத்தேன். மூன்று பத்துக்கு விழித்தேன். அன்றைக்கு ராசாத்தி தலையை அமுக்க வேண்டியிருக்கவில்லை, நானே அசையவில்லை. கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினேன், நோட்டைக் கொடுத்தாள், இருட்டிலேயே எழுதினேன், கையெழுத்துப் போட்டாள், மறுபடி படுத்துவிட்டேன். காலையில் ஆறு மணிக்கு வெளிச்சத்தில் பார்த்தால் அது கம்பெனி ஷிப்ட் புக், நாற்பத்தேழாம் பக்கம், கிழிக்க முடியாது, எல்லாப் பக்கத்திலும் நம்பர் அச்சடித்திருக்கும். அதற்கு மேல் வரியில் நாலாம் நம்பர் பிரஸ் ஆயில் லீக். கீழ் வரியில் உங்கப்பா.

பைக்கை முடுக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போவதற்குள் அங்கே பொழுது நன்றாக விடிந்துவிட்டது. ராத்திரி ஷிப்ட் இன்சார்ஜ் கனவு நோட்டை ஷிப்ட் புக் என்று நினைத்துத் திறந்து, யானை வரிக்கு நேரே பார்த்தேன் என்று ஒரு கையெழுத்து. சூப்பர்வைசர் மூர்த்தி, தெரியுமே உனக்கு, உன் காதுகுத்துக்கு வந்து மூன்று தடவை பந்தியில் உட்கார்ந்தவர், அவர் படிக்காமலே சரி பார்த்தேன் என்று கீழே இன்னொரு கையெழுத்து. அப்படியே நோட்டு காலை மீட்டிங்குக்குப் போய்விட்டது. புதிதாகப் புனாவிலிருந்து வந்திருக்கிற பெரிய அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, இது என்ன என்று விரல் வைத்துக் கேட்டிருக்கிறார். மூர்த்தி நிமிர்ந்து நின்று, சார், தேர்டு லைன்ல யானை வந்துச்சு சார், ஐ.டி. கார்டு செக் பண்ணினோம் சார் என்று மொழிபெயர்த்திருக்கிறார். இந்தக் காட்டோரத்தில் எதுவும் நடக்கும் என்று யாரோ அந்த மனிதருக்கு முன்னமே சொல்லி வைத்திருக்கிறார்கள் போல, அவர் தலையாட்டிவிட்டு, மறுபடியும் நடக்காமல் இருக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டாராம். கேட் உயரத்தைக் குறைச்சிடலாம் சார் என்று மூர்த்தி சொல்லித் தப்பியிருக்கிறார்.

நான் மூர்த்தியை ஓரமாகக் கூப்பிட்டு நிஜமான ஷிப்ட் புக்கை நீட்டினேன். நாற்பத்தேழாம் பக்கத்தைப் படித்தார். ஏய்யா பூபதி, பழுதுக் கட்டத்துல உங்கண்ணனை எழுதி வெச்சிருக்க, ஆடிட்காரன் கேட்டா நான் எந்த ஸ்பேர் பார்ட்ஸ்னு சொல்றது என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அடிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, வெள்ளை தடவக் கூடாது, அதுதான் அந்தப் புத்தகத்தின் வேதம். புக்கை வெளியே விடவும் முடியாது. உங்கம்மாவுக்கு நான் என்னத்தைக் காட்டுவது என்று கேட்டேன். அவரே எழுந்து போய் ஜெராக்ஸ் எடுத்து, உண்மை நகல் என்று எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார். மூன்று பந்தி சாப்பிட்டவர் மனசு அப்படித்தான் இருக்கும்.

அதில் என்ன இருந்தது என்று உன் கையில் இருக்கிற காகிதத்தில் நீயே பார். நேரம் 3.10. மெஷின் என்ற கட்டத்தில் நம் வீட்டு மோட்டார் ரூம். பழுது: அண்ணன் துண்டில் கை துடைத்தபடி வந்தார், பாப்பாவுக்கு அந்தப் பையன்தான் சமைக்கிறான், உப்பு குறைவு என்றார். நடவடிக்கை: சொல்கிறேன் என்றேன், போய்விட்டார். கையெழுத்து பூ., ரா. கம்பெனி புக்கில் கட்டம் சின்னது, இரண்டு விரல் அகலம், அதற்குள் அவ்வளவுதான் எழுத முடியும். உத்தரவு எங்கே இருக்கிறது அதில், கல்யாணம் என்ற சொல் எங்கே இருக்கிறது. பதினோரு வருஷம் கழித்து அத்தனை தூரம் வந்த மனிதர் உப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விட்டார் என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. காகிதத்தைச் சைக்கிள் ஸ்டாண்டில் வைத்துப் பேனாவைத் திறந்தேன். நடவடிக்கைக் கட்டத்தின் ஓரத்தில் ஒரு நெல் அளவு இடம் இருந்தது, நடத்து என்று ஒரு சொல் எழுதினால் போதும், சீல் வேறு இருக்கிறது, யார் கேட்கப் போகிறார்கள். ஊருக்கெல்லாம் யானையைக் காற்று அடிக்க வைத்தவன் நான். ஆனால் பாப்பா, அவர் முகம் அப்போதுதான் பார்த்த முகமாக இருந்தது, அவர் சொல்லாத ஒரு சொல்லை அவர் வாயில் வைக்க எனக்குக் கை வரவில்லை. பேனாவை மூடிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உங்கம்மாவிடம் கொடுத்தேன். அண்ணி, வந்தாரு, ஆனா உத்தரவு குடுக்கல, இவ்ளோதான் என்றேன். அவர் வாசல் கல்லில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தார். ஒருமுறை, மறுபடி ஒருமுறை. இதுல நீ சேத்தது எது என்று கேட்டார். ஒன்றுமில்லை, இடமே இல்லை என்றேன். ராசாத்தியைப் பார்த்தார், அவள் ஆமாக்கா, இருட்டுல எழுதினது அப்படியே இருக்குது என்றாள். அப்புறம் உங்கம்மா சொன்னார், இவன் பொய் சொல்லியிருந்தா தங்கத் தேர்ல வந்து பூ மாரி பொழிஞ்சாருன்னு எழுதியிருப்பான், உப்பு கம்மின்னு சொல்றது அவரேதான், அவரைத் தவிர யாரும் இல்ல என்று. அதோடு நிற்கவில்லை. ஏம்பா பூபதி, உனக்கு இருக்கறது மூளையா புளியா, உப்பு கம்மின்னு சாப்பிடாதவன் சொல்லுவானா என்று கேட்டார். ஆவணியில் நானும் உங்கம்மாவும் பர்கூர் போய் ஆஞ்சப்பன் வீட்டில் உட்கார்ந்தோமே, தமிழரசன் அம்மா சாந்தம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார், சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று உங்கம்மா தொடவே இல்லை, ஆடை கட்டிய டம்ளரை அந்தம்மா அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டு போனார். என்னுடையதை நான் மடக்கென்று குடித்துவிட்டேன், அதற்குத் திரும்பும் வழியில் சூளகிரி வரைக்கும் திட்டு வாங்கினேன். முறை தெரிஞ்ச மனுசன், முடிவு பண்ணாமயா அந்தப் பையன் போட்ட சோத்துல உட்காந்து சாப்பிட்டுக் கை துடைச்சிட்டு வருவாரு, அவரே கை நனைச்சப்புறம் எனக்கென்ன பேச்சு என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டில் வெங்காயம் எதுவும் உரிக்கவில்லை.

நடுவில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழரசன்தான் உங்களுக்கெல்லாம் சமைக்கிறான் என்று நீ சித்தியிடம் ரகசியமாகச் சொன்னது இப்படி வெளியே வந்துவிட்டது. சொன்னது நானில்லை, உங்கப்பா. கணக்கை அவரோடு தீர்த்துக்கொள்.

சாயங்காலம் உங்கம்மாவே போனை எடுத்துச் சாந்தம்மாவுக்குப் போட்டார். வழக்கம்போல ஸ்பீக்கரில்தான், நான் சுவரோடு சுவராக நின்று கேட்டேன். கும்பிடு போட்ட கையோடு, உங்க பையன் உப்பு கம்மியாப் போடறானாமே என்று ஆரம்பித்தார். அதற்குச் சாந்தம்மா, அவங்கப்பாவுக்குப் பிரஷருங்க, சின்னதுலயிருந்து எங்க வீட்டுக் கை அப்படியே பழகிடுச்சு, உங்க பொண்ணு உப்பு தூக்கலா கேட்டா அவ போட்டுக்கட்டும், கை இல்லையா அவளுக்கு என்றார். எங்க பொண்ணு எதுக்குப் போட்டுக்கணும், சமைக்கிறவங்க போட வேணாமா என்று இவர். இரண்டு பேரும் நாற்பது நிமிஷம் சண்டை போட்டார்கள். எல்லாம் போச்சு என்று ராசாத்தியைப் பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள், முடிஞ்சிருச்சு, சம்பந்திங்க ஆயிட்டாங்க என்கிறாள். கடைசியில் உங்கம்மா, அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை தட்டு மாத்த வந்துடுங்க, சாப்பாடு எங்க வீட்லதான், உப்பு என் கையால போடறேன், சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க என்றார். நாங்க எத்தனை பேர் வரலாம் என்று அந்தம்மா கேட்டார், எல்லாரும் வாங்க என்றார் உங்கம்மா.

இதை யாரும் உனக்குச் சொல்லக் கூடாது, வருகிற வெள்ளிக்கிழமை பூஜை முடித்துத் தானே பேசப் போவதாக உத்தரவு. அதனால் வெள்ளிக்கிழமை உங்கம்மா கூப்பிட்டு இழுத்து இழுத்துச் சொல்லும்போது முதல் தடவை கேட்கிற மாதிரி கேள், நடுவில் குறுக்கே பேசாதே, எனக்குத் தெரியும் என்ற குரல் மட்டும் வந்துவிட்டால் அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு கிடையாது. லீவை ஐப்பசி முடிவதற்குள் எழுதிக் கொடுத்துவிடு, தை பத்துக்குள் இரண்டு பேரும் இங்கே இருக்க வேண்டும். தமிழரசனிடம் என் ஆசீர்வாதத்தைச் சொல்லு, மாமனார் சாப்பாடு நல்லா இருக்கு என்றுதான் சொன்னார் என்று சொல்லிவிடு, பாவம், புதிதாக வருகிற பையன், ஒரு சின்னப் பொய் தப்பில்லை. குளிரில் காது மறைத்துப் போ. நீங்கள் இரண்டு பேரும் பிரஷர் வராத வயசு வரைக்கும், வந்தபிறகும், ஒரே தட்டில் சண்டை போட்டுக்கொண்டு நூறு வருஷம் இருக்க வேண்டும்.

என்றும் உன் நலத்தையே நினைத்திருக்கும்,
சித்தப்பா பூபதி
(இரண்டாம் ஷிப்ட்)

கூடவே: அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐம்பது பேருக்குச் சமையல் என்று உங்கம்மா இப்போதே அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். உதவிக்குப் போனேன், நீ போய்த் தூங்கு, அவர் வந்தா நான் கூப்பிட்டேன்னு சொல்லு என்கிறார்.